படுத்தால் பன்னிரண்டு

இசக்கியம்மாள் தப்பான ஆளைத் தேடி வந்திருந்தாள். சங்கரவடிவுக்கு அது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற எவரும் வைத்தியம் கேட்டு உடற்கூறியல் துறைக்கு வருவதில்லை. அந்தக் கட்டடத்துக்கு வருகிறவர்கள் இரண்டே வகை, முதலாண்டு மாணவர்கள், அப்புறம் இறந்துபோனவர்கள். இந்தப் பெண் இரண்டிலும் சேர்த்தியில்லை. கத்தரிப்பூ நிறத்தில் கடைச் சீருடைச் சேலை, நெஞ்சில் பெயர் அட்டை, வயது முப்பதுக்குள். நாற்காலி காலியாக இருந்தும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேசையில் நூற்று நாற்பது விடைத்தாள்கள் கிடந்தன. இடுப்புக்கூட்டின் படத்தை வரையச் சொன்னால் பாதிப்பேர் பூசணிக்காயை வரைந்து வைத்திருந்தார்கள். அந்த எரிச்சல் குரலில் ஏறியே வந்தது. தான் செத்தவர்களுக்குத்தான் டாக்டர் என்றும், புறநோயாளிகள் பிரிவு எதிர்க் கட்டடம் என்றும் சங்கரவடிவு சொன்னாள். இசக்கி போகவில்லை. எட்டாக மடித்திருந்த ஒரு தாளைப் பிரித்து, விடைத்தாள்களின் மேலேயே வைத்து, கடைசி வரியில் விரலை ஊன்றினாள்.

“இதுல உங்க பேருதாம்மா போட்டுருக்கு. எனக்கு வலி இல்லன்னு சொன்னது நீங்கதான?”

இடுப்பு நரம்பு வரைபடம்: பேராசிரியர் அ. சங்கரவடிவு. பொடி எழுத்தில் உண்மையாகவே போட்டிருந்தது.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்து அப்போது முப்பது வருடம் ஆகியிருந்தது. உட்கார விட்டால் ஒருத்தியும் எழுந்திருப்பதில்லை என்று கடைக்காரர்கள் விடாமல் முறையிட்டு, கடைசியில் ஒரு திருத்தம் வாங்கிவிட்டார்கள். வலி உள்ளவர்களுக்கு ஸ்டூல், வலி இல்லாதவர்களுக்கு இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யாருக்கு வலி என்று யார் சொல்வது? அதற்குத்தான் வலிக்கட்டில் வந்தது. இருபது நிமிடம் அதில் படுத்தால் போதும். இடுப்புக்குள் ஓடும் நரம்புகளில் என்ன போகிறது என்று அது ஒட்டுக்கேட்கும். தன் வயிற்றுக்குள் இருக்கிற வரைபடத்தோடு ஒப்பிட்டு, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணைச் சொல்லும். முப்பதைத் தாண்டினால் வலி, ஸ்டூல் உண்டு. தாண்டாவிட்டால் ‘வலி உறுதியாகவில்லை’ என்று ஒரு தாள். ஒருவருக்கு மூன்று தடவைதான். மூன்றிலும் தோற்றால் ஆயுளுக்கும் கட்டிலில் ஏற முடியாது.

இசக்கி இரண்டு தடவை ஏறிவிட்டாள். முதல் தடவையும் பன்னிரண்டு, இரண்டாவது தடவையும் பன்னிரண்டு.

அந்த வரைபடத்தைப் பத்து வருடத்துக்கு முன் செய்து கொடுத்தவள்தான் சங்கரவடிவு. பதினொரு பெண் உடல்கள், மூன்று வருட உழைப்பு, தலைமைச் செயலகத்தில் ஒரு பொன்னாடை. அதன் பெருமை இன்னும் அவளுக்குள் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதனால் வந்தவளை விரட்டாமல், எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். தன் படம் சரி என்று நிரூபித்து அனுப்பிவிடலாம் என்பதுதான் அவளுடைய எண்ணம்.

இசக்கி கூச்சப்படாமல் சொன்னாள். ஐந்து மாடி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் பன்னிரண்டு வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அடிவயிற்றில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல ஒரு பாரம். மூன்று மணிக்கு அது இடது தொடையின் உள்பக்கமாக இறங்கும். ஐந்து மணிக்குமேல் உட்காருகிற இடமெல்லாம் எரியும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படி. சாப்பாட்டு வேளையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக் கால் மணி நேரம் படுத்தால் எல்லாம் வடிந்துவிடும். வேலையை விட்டால் என்ன என்று சங்கரவடிவு கேட்டாள். “எங்க போனாலும் நிக்க வேலதாம்மா” என்றாள் இசக்கி. அதோடு இன்னொன்றும் சொன்னாள். கட்டிலே வலி இல்லை என்று சொன்ன பிறகு வீட்டில் மாமியாரும் நம்புவதில்லை, புருஷனும் நம்புவதில்லை. போன வாரம் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டதாம்.

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள் சங்கரவடிவு. இந்த ஊரில் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

ஆனால் அன்று மதியமே பார்க்கும்படி ஆகிவிட்டது. அறுவைக்கூடத்தில் இடுப்பு வகுப்பு. நான்காம் மேசையில் ஒரு மூதாட்டியின் இடுப்பை நெடுக்காக இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார்கள். ஒரு மாணவி குனிந்து, கத்தரியால் எதையோ நறுக்கி நறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கரவடிவு தற்செயலாகத்தான் வாளியை எட்டிப் பார்த்தாள். என்ன அது என்று கேட்டாள்.

“சிரைதான் மேடம். நரம்பை மறைக்குது. முதல்ல அதைச் சுத்தம் பண்ணிடணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க.”

சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கு அவளுடைய ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு அவருடைய ஆசிரியர். உடலை அறுத்துப் பார்க்கிற வர்க்கம் முழுக்க இதைத்தான் செய்கிறது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே அனுப்பும் தமனி, செத்த பிறகும் குழாயாகவே நிற்கும். நரம்பு வெள்ளைக் கயிறாகத் தெரியும். ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை அப்படியல்ல. மெல்லிய சுவர், உள்ளே ஒன்றும் இல்லாமல் சப்பையாக, சிக்கலாக ஒட்டிக் கிடக்கும். இடுப்புக்குள்ளோ அது ஒன்றிரண்டு அல்ல, கர்ப்பப்பையைச் சுற்றியும் மூத்திரப்பையைச் சுற்றியும் பெரிய பின்னலே உண்டு. அழகான படம் வேண்டுமென்றால் முதலில் அதை வழித்தெடுத்துவிட வேண்டும். இதற்குத் தொழிலில் பெயரே ‘சுத்தம் பண்ணுவது’.

பதினொரு பெண்கள், பதினொரு வாளி. சங்கரவடிவின் வரைபடத்தில் நரம்புகள் பளிச்சென்று தனியாக ஓடின, பக்கத்தில் எதுவுமே இல்லாத மாதிரி. அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான கட்டில்கள், சிரை நரம்பை நெருக்கினால் வரும் சன்னமான முனகலை ‘பொருளற்ற இரைச்சல்’ என்று தள்ளிக்கொண்டிருந்தன. அவள் அந்த மாணவியைத் திட்டிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எதற்கென்றே புரியவில்லை. திட்டு தனக்குத்தான் என்று சங்கரவடிவுக்குத் தெரிந்திருந்தும் வாய் நிற்கவில்லை.

அடுத்த வார விடுமுறையில் இசக்கி மறுபடி வந்தபோது, சங்கரவடிவு எலும்பு மாதிரியை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அது வரவில்லை, பாடம்தான் வந்தது.

“இந்தப் பின் எலும்புல ஓட்டை ஓட்டையா இருக்குல்லா, இது வழியாத்தான் நரம்பு வெளிய வருது. தொடைக்கு, உக்கார்ற இடத்துக்கு, எல்லாத்துக்கும். அதுக்கு முன்னால ஒட்டிக்கிட்டே ரத்தக்குழாய். கீழ உள்ள ரத்தத்த மேல கொண்டு போற குழாய். ரத்தம் திரும்பி விழுந்துராம இருக்கதுக்கு உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும். பிள்ளத்தாச்சியா இருக்கையில குழாய் விரியும். சில பேருக்கு அதுக்கப்புறம் கதவு சேராது. அப்படியே பத்து மணி நேரம் நின்னா ரத்தம் எறங்கி அங்கயே தேங்கிரும். குழாய் வீங்கி நரம்ப நெருக்கும். உனக்கு வலிக்கது அதுதான். பொய் இல்ல.”

இசக்கி எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். பொய் இல்லை என்ற சொல்லிலேயே அவள் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“படுத்தா?”

“படுத்தா ரத்தம் வடிஞ்சிரும். குழாய் சப்பையாயிரும்.”

“அப்பொறம் எதுக்கும்மா கட்டில்ல படுக்கச் சொல்லுதாவ?”

சிரையை விட்டுவிட்டோம் என்பது வரைக்கும்தான் சங்கரவடிவு வந்திருந்தாள். இதை யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் படித்தும் படிப்பித்தும் தோன்றாதது, சேலை மடிக்கிற பெண்ணுக்கு மூன்று நிமிடத்தில் தோன்றிவிட்டது. சங்கரவடிவுக்கு எப்படித் தோன்றும்? அவள் பார்த்த உடம்பெல்லாம் மேசையில் படுத்தே கிடந்தன. உடம்பு என்றாலே படுத்திருப்பது என்று அவளுக்கு ஊறிப்போயிருந்தது. கட்டிலைச் செய்தவர்களும் அவளிடம்தான் கேட்டுச் செய்தார்கள்.

அன்று ஆரம்பித்தது கடிதப் போர். சென்னையில் வலி அளவை வாரியம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் டாக்டர் கிருபானந்தன், சங்கரவடிவோடு ஒரே வகுப்பில் படித்தவர். முதல் கடிதத்துக்கு, தங்கள் ஆர்வத்தை வரவேற்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, படிவம் நான்கில் விண்ணப்பிக்கவும் என்று வந்தது. படிவம் நான்கை அனுப்பினால், அது சாதனத்தின் பழுதுக்கானது, வரைபடத் திருத்தத்துக்குப் படிவம் ஏழு என்றார்கள். படிவம் ஏழில் ஒரு கட்டம் இருந்தது: ‘திருத்தத்தை மெய்ப்பிக்கும் அறுவை உடல்களின் எண்ணிக்கை (குறைந்தது பத்து).’ சங்கரவடிவு தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

கிருபானந்தன் பொறுமையாகக் கேட்டார். ஆதாரம்தான் வேண்டும் என்றார். சிரை வீங்கி நரம்பை அழுத்துவதைப் பத்து உடல்களில் அறுத்துக் காட்டினால், அடுத்த கூட்டத்திலேயே மாற்றிவிடலாம் என்றார்.

“செத்த உடம்புல அது வீங்காது கிருபா. நின்னாத்தான் வீங்கும்.”

“அப்போ ஆதாரம் இல்லைன்னு ஆகுதே, வடிவு.”

“செத்தவங்களை நிக்க வைக்கச் சொல்றியா?”

“நான் சொல்லலை. விதியில அப்படித்தான் இருக்கு.”

செத்த உடம்பில் சிரையை வீங்க வைக்கவும்தான் முயன்று பார்த்தாள். அறுவைக்கூடத்தின் பொறுப்பாளர் அந்தோணிமுத்து, முப்பது வருடமாக உடல்களை ஏற்றி இறக்குகிறவர். அவரும் அவளும் சேர்ந்து ஓர் உடலின் சிரைகளுக்குள் நீல நிற மெழுகை உருக்கி ஏற்றினார்கள். பதப்படுத்திய சிரை ஈரக் காகிதம் போலக் கிழிந்து, மெழுகு முழுவதும் வயிற்றுக்குள் கொட்டியது. நான்கு நாள் அதைச் சுரண்டி எடுத்தார்கள். சங்கரவடிவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் பெயரில் ஒரு தப்பு ஊரெல்லாம் ஓடுகிறது, அதைத் தன்னாலேயே நிறுத்த முடியவில்லை.

இதற்கிடையில் இசக்கியின் மூன்றாவது முறைக்குத் தேதி வந்துவிட்டது. தள்ளிப்போட வழியில்லை, வராவிட்டாலும் தோல்விதான். சங்கரவடிவு ஒரு யோசனை சொன்னாள். காலையிலிருந்து கடையில் நின்றுவிட்டு, வலி நன்றாக ஏறியிருக்கும்போது நான்கு மணிக்கு நேராக வரட்டும். முடிந்தால் கட்டிலின்மேல் நிற்க வைத்துப் பார்க்கலாம்.

அளவை நிலையம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய கல்யாண மண்டபம் ஒன்றில் இருந்தது. கட்டிலை இயக்குகிறவள் லில்லிபுஷ்பம் என்ற நடுவயதுப் பெண். பேராசிரியரே வந்திருப்பதைப் பார்த்துப் பதறி எழுந்தாள். இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டே வந்து கட்டில்மேல் ஏறி நின்றாள். கட்டில் தேனொழுகும் குரலில், “தயவுசெய்து படுக்கவும்” என்றது. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். தயவுசெய்து படுக்கவும். உட்காரச் சொன்னார்கள். தயவுசெய்து படுக்கவும். ஒரு நிமிடம் படுத்துப் பார்த்தாள். எண் நாற்பதிலிருந்து விறுவிறுவென்று இறங்கி இருபதுக்கு வந்தது. இருபது நிமிடச் சராசரியைத்தான் அது கணக்கில் எடுக்கும். சங்கரவடிவு கட்டிலை ஓர் உதை விட்டாள், வலித்தது அவள் காலுக்குத்தான். லில்லிபுஷ்பம் அவசரமாக அந்த முறையை அழித்து, சாதனம் சூடாகவில்லை என்று காரணம் போட்டாள். பத்து நிமிடம் கிடைத்தது.

துணைக்கு வந்திருந்த அந்தோணிமுத்து அதுவரை கட்டிலை அடியில் குனிந்தும் பக்கத்தில் நின்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம ஏம்மா பிள்ளைய நிமுத்தப் பாக்கோம்? கட்டில நிமுத்துவோம். ஆளு தன்மேல ஒட்டிக் கெடக்காளா இல்லையான்னுதான அது பாக்கும். தான் நிக்கமா படுத்துருக்கமான்னு அதுக்குத் தெரியவா போவுது?”

நான்கு பேரும் பிடித்துக் கட்டிலைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தினார்கள். கால்மாட்டுப் பலகை தரையில் நின்றது. அதன்மேல் இசக்கி ஏறி, முதுகைக் கட்டிலில் அழுத்திக்கொண்டாள். உடல்களைத் தூக்கப் பயன்படும் அகலப் பட்டையை அந்தோணிமுத்து கல்லூரி வண்டியிலிருந்து எடுத்துவந்து, மார்புக்குக் கீழேயும் முழங்காலுக்கு மேலேயும் கட்டினார். கட்டில் ஒன்றும் சொல்லவில்லை. படுத்திருக்கிறாள் என்றே நம்பியது.

எண் இருபதிலிருந்து ஏறத் தொடங்கியது. முப்பத்து மூன்றில் லில்லிபுஷ்பம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஐம்பதில் இசக்கி பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தவா என்று சங்கரவடிவு கேட்டாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். இருபது நிமிடம் முடிந்தபோது சராசரி எழுபத்தொன்று. ‘வலி உறுதி’ என்று தாள் வெளியே வந்தது. பட்டையை அவிழ்த்ததும் இசக்கி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அழவில்லை, இனி வீட்டில் காட்ட ஒரு தாள் இருக்கிறது என்று அழுதாள். “எனக்குக் கிறுக்கு இல்லம்மா” என்றாள் இரண்டு தடவை. சங்கரவடிவும் அழுதாள். மன்னிப்பு அப்போதுதான் வாயில் வந்தது.

இத்தோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். சங்கரவடிவால் விட முடியவில்லை. ஒருத்திக்குத் திருட்டுத்தனமாகத் தாள் வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைத் தன் தப்பான படத்தின்மேல் படுக்க விடுவதா? வெட்டவெளிச்சமாகச் செய்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். படிவம் ஏழில் அறுவை உடல் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, நிமிர்த்திய கட்டிலில் உயிருள்ள பெண்களை அளந்து அனுப்பப் போவதாக வாரியத்துக்கு எழுதினாள். செய்யுங்கள் பார்ப்போம் என்று கிருபானந்தன் அனுமதி கொடுத்தார். அவள் அதை வெற்றி என்று நினைத்தாள்.

ஆறு வாரத்தில் நாற்பத்திரண்டு பெண்களை அளந்தாள். இசக்கியின் கடைப் பெண்கள், செவிலியர், பள்ளி ஆசிரியைகள், ஹோட்டலில் தோசை வார்ப்பவர்கள், போக்குவரத்துக் காவலர்கள். பிள்ளை பெற்றவர்கள், பெறாதவர்கள். லில்லிபுஷ்பத்துக்கு ஐம்பத்திரண்டு வந்தது. சங்கரவடிவும் ஏறி நின்றாள், நாற்பத்தேழு. மாலை வகுப்பு முடிந்ததும் இடுப்பில் வரும் கடுகடுப்பை இத்தனை வருடம் வயது என்றே நினைத்திருந்தாள். முப்பதுக்குக் கீழே ஒருத்தி கூட இல்லை. எத்தனை வருடம் நின்றவளுக்கு எவ்வளவு என்று கோடு போட்டு, அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் வைத்தாள். அந்த ஆறு வாரமும் இசக்கி கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துதான் சேலை காட்டினாள். வலியே மறந்துபோச்சு என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்.

வாரியக் கூட்டம் சென்னையில், குளிரூட்டிய அறையில், பதினான்கு பேர். எல்லோரும் அறிக்கையைப் படித்திருந்தார்கள், அதுவே சங்கரவடிவுக்கு ஆச்சரியம். கிருபானந்தன் எழுந்து, பேராசிரியரின் முடிவை வாரியம் ஒருமனதாக ஏற்கிறது என்றார். இனி மாநிலத்தின் எல்லா வலிக்கட்டிலும் நிமிர்ந்துதான் நிற்கும், வரைபடத்தில் சிரைகள் சேர்க்கப்படும் என்றார். கை தட்டினார்கள். சங்கரவடிவு அப்போதே எழுந்து ரயிலைப் பிடித்திருக்கலாம்.

கிருபானந்தன் அடுத்த தாளைப் புரட்டினார். படுக்க வைத்து அளந்த காலத்து எல்லைதான் முப்பது, நிற்க வைத்து அளந்தால் அது பொருந்தாது என்றார். நாற்பத்திரண்டு பேருக்கும் முப்பதுக்கு மேல் என்றால், முப்பது நோயைக் காட்டவில்லை, நிற்கிற பெண்ணின் இயல்பைக் காட்டுகிறது. ஆகவே புதிய எல்லை எண்பது. முந்தைய தாள்கள் ரத்து. நல்லெண்ணத்தின் பேரில், எல்லோருக்கும் புதிதாக ஒரே ஒரு முறை வாய்ப்பு.

“அத்தனை பேருக்கும் வலிக்குதுன்னுதானே கிருபா நான் எழுதியிருக்கேன்.”

“நீயும் நானும் என்ன படிச்சோம் வடிவு? பெரும்பாலான உடம்புல எது இருக்கோ அதுதான் இயல்பு. மிச்சமெல்லாம் விலகல். உன் பாடப்புத்தகத்துலயே முதல் பக்கத்துல அதுதான் இருக்கு.”

“அது எலும்புக்கும் நரம்புக்கும் சொன்னது. வலிக்குச் சொன்னதில்லை.”

“எல்லாருக்கும் இருந்தா அது வலி இல்லை. அது நிக்கறது.”

அவள் கத்தினாள். மேசையைத் தட்டினாள். எல்லாருக்கும் வலிக்கிறது என்றால் எல்லாருக்கும் ஸ்டூல் கொடுப்பதுதானே முறை என்று கேட்டாள். அது வாரியத்தின் அதிகார வரம்புக்குள் வராது என்று மெதுவாக எடுத்துச் சொன்னார்கள். வாரியத்தின் வேலை அளப்பது மட்டும்தான். தேநீர் வந்தது. மறுநாள் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தபோது, ‘பேராசிரியர் தம் கருத்துகளைத் தெரிவித்து நன்றி கூறினார்’ என்று இருந்தது. புதிய தாளின் மாதிரியும் கூடவே இருந்தது. இப்போது அவள் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள், சங்கரவடிவு அந்த ஜவுளிக்கடைக்குப் போனாள். இசக்கியைக் கல்லூரிக்கு வரச்சொல்லி எழுதியிருக்கலாம், அதற்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாம் மாடியில் பட்டுப் பிரிவு. முகூர்த்த மாதம் இல்லாததால் கூட்டம் குறைவு. கத்தரிப்பூச் சேலையில் வரிசையாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். இசக்கியும் நின்றிருந்தாள். சுற்றறிக்கை தனக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது என்று சங்கரவடிவுக்குப் புரிந்தது.

இசக்கி முகம் மலர்ந்து, வாங்கம்மா என்று ஒரு குஷன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார சங்கரவடிவுக்கு உடம்பு கூசியது. நின்றுகொண்டே பேசுகிறேன் என்றாள். இசக்கி மாடிப் பொறுப்பாளர் இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உக்காருங்கம்மா. நீங்க நின்னா எங்களத்தான் ஏசுவாவ.”

சங்கரவடிவு உட்கார்ந்தாள். இசக்கி எதிரே நின்று, ஒரு நீலப் பட்டை எடுத்து உதறி விரித்தாள். சேலை விரியும் சத்தத்துக்கு நடுவே சங்கரவடிவு எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் நடந்தது, எண்பது, ஒரே ஒரு வாய்ப்பு. தான் சும்மா இருந்திருந்தால் உன் ஸ்டூலாவது மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னாள். இசக்கி நீலத்தை மடித்து வைத்தாள், ஒரு பச்சையை எடுத்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ஆத்திரம் எதுவும் இல்லாமல், விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“எனக்கு எழுபத்தொண்ணு. இன்னும் எத்தன வருசம் நின்னாம்மா எம்பது வரும்?”

சங்கரவடிவுக்கு விடை தெரியும். ஒருமுறை விரிந்த சிரை சுருங்காது. நிற்க நிற்க வருடத்துக்கு மூன்று கூடும். அந்தக் கோட்டைப் போட்டவளே அவள்தான். தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரே வாய்ப்பு, இவள் அவசரப்பட்டு எழுபத்தைந்தில் போய் ஏறிவிட்டால் அதுவும் போய்விடும்.

“மூணு வருசம்.”

இசக்கி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள்.

“அப்பச் சின்னவ அஞ்சாம் வகுப்பு வந்துருவா. செரிம்மா, மூணு வருசந்தான” என்றாள். பொறுப்பாளர் இந்தப் பக்கம் நடந்து வருவதைப் பார்த்து, நிமிர்ந்து நின்று, பச்சைப் பட்டின் முந்தானையைச் சங்கரவடிவின் தோளில் வைத்துக் காட்டினாள். இந்த நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்றாள்.